பொள்ளாச்சிக்காரர் ஏன் இல்லை?

கட்டம் போட்டுப் பார்ப்போம்: வாசகர்களின் புதிர்க் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், காங்கயம் வட்டாரத்தில் 34 ஆண்டுகள் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: ஐயா, சந்தைப் புதிருக்கு ‘இளநீர் குடித்தவர் பொள்ளாச்சிக்காரர்’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். போன இதழில் ‘பவானிக்காரர்’ என்று விடை வந்திருக்கிறது. கட்டம் போட்டுத்தான் செய்தேன். எல்லாமே பொருந்தி வந்ததே! நான் எங்கே தவறினேன்?
- பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, உங்கள் கடிதத்தோடு இருந்த கட்டத்தைப் பலமுறை பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கையெழுத்தும் அவ்வளவு அழகு. இப்படி உட்கார்ந்து செய்த ஒருவருக்கு வெறுமனே ‘தப்பு’ என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உங்களைப் போலவே பொள்ளாச்சிக்காரர் என்று எழுதியவர்களும் நிறையப் பேர். அதனால் இந்த முறை முக்கால்வாசி இடம் உங்களுக்குத்தான்.

புதிரைப் பார்க்காதவர்களுக்காக மறுபடியும் தருகிறேன். புஞ்சைப் புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தையில் வரிசையாக நாலு கடைகள். எதிரே நின்று பார்க்கும்போது இடக்கைப் பக்கம் முதல் கடை, வலக்கைப் பக்கம் நாலாவது கடை. கடைக்காரர்களின் ஊர் பொள்ளாச்சி, ஊத்துக்குளி, பவானி, கவுந்தப்பாடி. சரக்கு தேங்காய், வெண்ணெய், ஜமக்காளம், நாட்டுச்சர்க்கரை. ஒரு கடையில் ஒரு சரக்குதான். வெயில் ஏறியதும் ஆளுக்கு ஒன்று வாங்கிக் குடித்தார்கள்: காபி, டீ, மோர், இளநீர். ஒருவர் குடித்ததை இன்னொருவர் குடிக்கவில்லை. குறிப்புகள் ஒன்பது.

1. பொள்ளாச்சிக்காரர் கடை வரிசையின் ஓரத்தில் இருந்தது.
2. ஜமக்காளம் விற்றவர் காபி குடித்தார்.
3. தேங்காய்க் கடைக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல வெண்ணெய்க் கடை.
4. இரண்டாவது கடைக்காரர் மோர் குடித்தார்.
5. ஊத்துக்குளிக்காரருக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல பவானிக்காரர் கடை.
6. நாட்டுச்சர்க்கரை விற்றவர் டீ குடித்தார்.
7. கவுந்தப்பாடிக்காரர் குடித்தது காபி.
8. காபி குடித்தவர் கடையும் டீ குடித்தவர் கடையும் அடுத்தடுத்து இல்லை.
9. டீ குடித்தவர் கடை, மோர் குடித்தவர் கடையை ஒட்டி இருந்தது.

இளநீர் குடித்தவர் யார் என்பதுதான் கேள்வி.

உங்கள் கட்டம் இப்படி இருக்கிறது. முதல் கடை பொள்ளாச்சி, தேங்காய், இளநீர். இரண்டாவது ஊத்துக்குளி, வெண்ணெய், மோர். மூன்றாவது பவானி, சர்க்கரை, டீ. நாலாவது கவுந்தப்பாடி, ஜமக்காளம், காபி. ஒன்பது குறிப்பையும் ஒவ்வொன்றாக இதன் மேல் வைத்துப் பாருங்கள். எட்டு குறிப்பு பொருந்துகிறது. எட்டாவது மட்டும் இடிக்கிறது. மூன்றாவது கடையில் டீ, நாலாவது கடையில் காபி. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள்.

எட்டு சரி, ஒன்று தப்பு. பள்ளிக்கூடத்தில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். இந்த வகைப் புதிரில் ஒரு குறிப்பு இடித்தாலும் முழு விடையும் விழுந்துவிடும்.

நீங்கள் கவனக்குறைவாகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. பொள்ளாச்சி என்று படித்தவுடன் தேங்காய் ஞாபகத்துக்கு வந்திருக்கும். தேங்காய் இருந்தால் பக்கத்தில் இளநீர். ஊத்துக்குளி என்றால் நம் பக்கத்தில் சின்னக் குழந்தையும் வெண்ணெய் என்று சொல்லும். வெண்ணெய் எடுத்த வீட்டில் மோருக்குப் பஞ்சமா? இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்து கட்டத்தில் உட்கார்ந்ததும், மனசுக்குத் திருப்தியாகிவிட்டது. திருப்தியான மனசு எட்டாவது குறிப்பைத் தேடிப் போகவில்லை. அந்த நாலு ஊரையும் நாலு சரக்கையும் நான் தெரிந்தேதான் போட்டேன். ‘பொள்ளாச்சிக்காரர் தேங்காய் விற்றார்’ என்று ஒன்பது குறிப்பில் எங்காவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். இல்லை. அதை நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள்.

இனி நான் செய்யும் விதம். குறுக்கே நாலு கடை, நெடுக்கே ஊர், சரக்கு, பானம் என்று மூன்று வரிசை. மொத்தம் 12 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வரக்கூடிய நாலு பெயரையும் சின்ன எழுத்தில் எழுதிவிடுவேன். ஆக 48 பெயர். அதற்குப் பிறகு வேலை அடிப்பதுதான். விடையைத் தேடிப் போவதே இல்லை; விடையாக இருக்க முடியாததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவேன். அடிக்கும்போது வெறும் கோடு போட மாட்டேன். எந்தக் குறிப்பால் அடிக்கிறேனோ, அந்தக் குறிப்பின் எண்ணைப் பக்கத்தில் எழுதுவேன். எண் எழுத முடியவில்லை என்றால் அடிக்கவும் மாட்டேன்.

உறுதியாக ஓர் இடத்தைச் சொல்லும் குறிப்பு 4 மட்டும்தான்: இரண்டாவது கடையில் மோர். அங்கிருந்து தொடங்கலாம். ஜமக்காளம் விற்றவர் காபி குடித்தார், அதனால் இரண்டாவது கடையில் ஜமக்காளம் இல்லை (குறிப்பு 2). சர்க்கரை விற்றவர் டீ குடித்தார், அதனால் அங்கே சர்க்கரையும் இல்லை (குறிப்பு 6). மிஞ்சுவது தேங்காயும் வெண்ணெயும். ஒரு குறிப்புகூட இரண்டாவது கடையில் என்ன சரக்கு என்று நேராகச் சொல்லவில்லை, ஆனால் நாலில் இரண்டு கழிந்துவிட்டது பாருங்கள். எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது பாதை இரண்டாகப் பிரிகிறது. இரண்டாவது கடையில் வெண்ணெய் என்று வைத்துக்கொண்டால், அதற்கு இடப்பக்கம், அதாவது முதல் கடையில், தேங்காய் இருக்க வேண்டும் (குறிப்பு 3). அப்படியானால் ஜமக்காளமும் சர்க்கரையும் மூன்றிலும் நாலிலும்தான். ஜமக்காளத்தோடு காபி வரும், சர்க்கரையோடு டீ வரும். இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன. குறிப்பு 8 கூடாது என்கிறது. ஆக, இரண்டாவது கடையில் வெண்ணெய் இல்லை. உங்கள் விடை நிற்காமல் போனது இந்த இடத்தில்தான்.

அப்புறம் எல்லாம் தானாக வந்து விழும். இரண்டில் தேங்காய், மூன்றில் வெண்ணெய். சர்க்கரையும் ஜமக்காளமும் இரண்டு ஓரங்களுக்குப் போகின்றன. டீ மோருக்குப் பக்கத்தில் (குறிப்பு 9), அதனால் முதல் கடையில் சர்க்கரையும் டீயும். நாலில் ஜமக்காளமும் காபியும். காபி குடித்தவர் கவுந்தப்பாடிக்காரர், அவர் நாலாவது கடை. பொள்ளாச்சிக்காரர் ஓரத்தில் இருக்க வேண்டும்; ஓர் ஓரம் போய்விட்டது, மிச்சம் முதல் கடை. நடுவே ஊத்துக்குளியும் பவானியும் அந்த வரிசையில் (குறிப்பு 5). டீ, மோர், காபி மூன்றுக்கும் ஆள் கிடைத்தாயிற்று. மூன்றாவது கடையில் வெண்ணெய் விற்ற பவானிக்காரர் மட்டும் மிஞ்சுகிறார். இளநீர் அவருக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கட்டத்திலும் ஊர்களின் வரிசை இதேதான்: பொள்ளாச்சி, ஊத்துக்குளி, பவானி, கவுந்தப்பாடி. நாலு ஊரையும் சரியான கடையில் வைத்திருக்கிறீர்கள். ஒரு வரிசையில் நாலு பெயரை 24 விதமாக வைக்கலாம்; மூன்று வரிசை என்றால் 24 × 24 × 24, மொத்தம் 13,824 விதமாக அடுக்கலாம். எட்டாவது குறிப்பை எடுத்துவிட்டால் அதில் இரண்டே அடுக்கு மிஞ்சும். ஒன்று போன இதழில் வந்த விடை, மற்றது உங்களுடையது. அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை அடிக்கும்போது குறிப்பின் எண்ணை எழுதிப் பாருங்கள். கட்டம் முடிந்ததும் 1 முதல் 9 வரை எல்லா எண்ணும் எங்காவது வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். நீங்கள் அனுப்பிய கட்டத்தில் 8 எங்குமே வந்திருக்காது.

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. இதுபோன்ற புதிர்களை ‘இதுவாக இருக்கும்’ என்று எதையாவது வைத்துப் பார்த்துத்தான் போடுகிறான். அது ஊகம்தானே? ஊகிக்கக் கூடாது என்று அவன் அப்பா கண்டிக்கிறார்.
- ஒரு தாய், தாராபுரம்

பதில்: கண்டிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மேலே நானும் ‘இரண்டாவது கடையில் வெண்ணெய் என்று வைத்துக்கொண்டால்’ என்றுதான் போனேன். வைத்துப் பார்ப்பது வேறு, வைத்துவிட்டு மறந்துபோவது வேறு. பையன் வைத்துப் பார்த்தது எங்கேயாவது இடித்தால், அவனுக்கு ஓர் உறுதியான செய்தி கிடைக்கிறது: ‘இது இல்லை.’ அதை எழுதிக்கொள்ளட்டும். எங்கும் இடிக்காமல் விடை வந்துவிட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் மற்றப் பாதையும் இடிக்காமல் போயிருக்கலாம். அந்தப் பாதையிலும் போய், அது அடைபட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், பென்சிலும் ரப்பரும் கொடுங்கள்.

கேள்வி: ஐந்து வீடுகள், ஐந்து நாட்டுக்காரர்கள், மீன் வளர்ப்பது யார் என்று ஒரு புதிர் செல்போனில் சுற்றுகிறது. ஐன்ஸ்டீன் சிறுவயதில் உருவாக்கியதாம், உலகத்தில் 100க்கு 2 பேரால்தான் போட முடியுமாம். உண்மையா?
- கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐன்ஸ்டீன் எழுதினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 100க்கு 2 பேர் என்பதும் யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னது அல்ல. அச்சில் எல்லாரும் காட்டும் பழைய வடிவம், ‘லைஃப் இன்டர்நேஷனல்’ பத்திரிகையில் 1962 டிசம்பர் 17 இதழில் வந்தது. அதில் மீன் இல்லை, வரிக்குதிரை. ‘தண்ணீர் குடிப்பவர் யார்? வரிக்குதிரை வைத்திருப்பவர் யார்?’ என்று இரண்டு கேள்வி. 1963 மார்ச் 25 இதழில் விடையும், சரியாகப் போட்ட பல நூறு பேரின் பெயர்களும் வந்தன. அந்த வடிவத்தில் கூல்ஸ் என்றொரு சிகரெட் வருகிறது. அது விற்பனைக்கு வந்தது 1933-ல். ஐன்ஸ்டீன் பிறந்தது 1879-ல். சிறுவயதில் எழுதினார் என்பது எப்படிப் பொருந்தும், நீங்களே சொல்லுங்கள்.

யார் எழுதினாலும் அது அருமையான புதிர். ஐந்து வீட்டுக்கு நிறம், நாடு, பானம், சிகரெட், பிராணி என்று ஐந்து வரிசை. ஒரு வரிசையில் ஐந்து பெயரை 120 விதமாக வைக்கலாம்; ஐந்து வரிசைக்கு அந்த 120-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். 2,488 கோடியே 32 லட்சம் அடுக்கு வருகிறது. வினாடிக்கு ஓர் அடுக்கு வீதம் தூங்காமல் சரிபார்த்தால் 788 வருடத்துக்கு மேல் ஆகும். அதை ஒரு சாயங்காலத்தில், ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிக்கலாம் என்றால், அது கழித்துக்கட்டுவதால்தான் முடிகிறது.

முதல் அடியை மட்டும் காட்டுகிறேன், மிச்சத்தை நீங்கள் போடுங்கள். நார்வேக்காரர் முதல் வீடு; அவருக்குப் பக்கத்து வீடு நீலம். சிவப்பு வீட்டில் இருப்பவர் ஆங்கிலேயர். தந்த நிற வீட்டுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போலப் பச்சை வீடு. ஐந்தாவது நிறம் மஞ்சள். முதல் வீடு என்ன நிறம்? நீலம் இல்லை, இரண்டாவது வீடு நீலம். சிவப்பு இல்லை, அங்கே ஆங்கிலேயர் இருக்கிறார். தந்தமும் பச்சையும் ஒட்டிய ஜோடி. இரண்டாவது வீடு நீலமாகிவிட்டதால் அந்த ஜோடிக்கு மூன்று, நாலு அல்லது நாலு, ஐந்துதான் இடம். ஆக முதல் வீடு மஞ்சள். மஞ்சள் வீட்டைப் பற்றிய குறிப்பு, அங்கே இருப்பவர் பிடிக்கும் சிகரெட்டை மட்டும் சொல்கிறது. அது எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டோம். தண்ணீர், வரிக்குதிரை என்ற இரண்டு சொல்லும் அந்தப் புதிரின் குறிப்புகளில் எங்குமே வருவதில்லை. என் சந்தைப் புதிரில் இளநீரைக் குறிப்பில் வைக்காமல் விட்டது, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

கேள்வி: தபால் வேலை பார்த்த உங்களுக்கு இந்தக் கட்டம் போடும் பழக்கம் எப்படி வந்தது? கணக்கு வாத்தியாராக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.
- கைத்தறி நெசவாளர், சென்னிமலை

பதில்: இதுவரை இந்தப் பகுதியில் இதை எழுதியதில்லை. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுக்க வேண்டிய சுற்றில், இருந்தவை தெருவும் கதவு எண்ணும் உள்ள வீடுகள் இல்லை. காட்டுக்குள்ளே ஒன்றுக்கொன்று அரை மைல், ஒரு மைல் தள்ளி இருக்கும் தோட்டத்து வீடுகள். சைக்கிளில் போய்ப் பட்டுவாடா செய்ய வேண்டும். பெயர்களோ, நம் ஊர் உங்களுக்குத் தெரியாததா! பழனி மலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது பழனிசாமிகளுக்கு என்ன குறை? என் பீட்டில் மட்டும் ஆறு பேர்.

1986 என்று நினைவு. தை மாதம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். ஒரு புதன்கிழமை இன்லாண்ட் லெட்டர் ஒன்று வந்தது. ‘பழனிசாமி, தோட்டத்து வீடு’ என்றும், ஊர்ப் பெயரும், ‘காங்கயம் வழி’ என்றும் மட்டும் எழுதியிருந்தது. அப்பா பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை, அனுப்பியவர் பெயரும் இல்லை. முத்திரையில் இந்தூர் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் நம் பையன்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆழ்குழாய்க் கிணறு போட வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன யாரோ எழுதியது என்று புரிந்தது.

அஞ்சலகத் திண்ணையில் உட்கார்ந்து மனசுக்குள் கழித்தேன். ஆறு பேரில் ஒருவர் முந்தின வருடம் காலமாகிவிட்டார். மூன்று பேர் வீட்டில் வெளியூர் போனவர்களே இல்லை. மிச்சம் இரண்டு. மேட்டுத் தோட்டத்துப் பழனிசாமி மகனும் கிணற்றுத் தோட்டத்துப் பழனிசாமி மகனும் ரிக் வண்டிக்குப் போனவர்கள். கிணற்றுத் தோட்டத்துப் பையன் ஊருக்கு வந்துவிட்டான் என்று டீக்கடையில் யாரோ பேசியது ஞாபகம் வந்தது. அவர் பெயரை மனசுக்குள் அடித்தேன். கடிதத்தைக் கொண்டுபோய் மேட்டுத் தோட்டத்தில் கொடுக்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

டீக்கடையில் கேட்டது பொய் இல்லை. அந்தப் பையன் பொங்கலுக்கு வந்திருந்தான். வந்தவன் திரும்பிப் போய்விட்டான் என்பது எனக்குத் தெரியாது. கடிதத்தை எழுதியவன் அவன்தான். காய்ச்சல் விடாமல் அடிக்கிறது, வெள்ளிக்கிழமை ராத்திரி ஈரோடு ஜங்ஷனில் இறங்குகிறேன், வண்டி வைத்துக்கொண்டு வாருங்கள் என்று அப்பாவுக்கு எழுதியிருந்தான். மேட்டுத் தோட்டத்துக்காரர்கள் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினார்கள். பையன் ராத்திரி முழுக்கக் காய்ச்சலோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்திருக்கிறான்.

விஷயம் தெரிந்த அன்றைக்கே கிணற்றுத் தோட்டத்துக்குப் போனேன். பெரியவர் கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். “உம்பட தப்பு என்ன இருக்குது தம்பி, எம்பட பையனுக்கு அட்ரசு ஒழுங்கா எழுதத் தெரியிலீங்களே” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரே பெயர் உள்ளவர்களுக்கு ஒரு பக்கம். அப்பா பெயர், தோட்டம், வெளியூரில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று கட்டம் கட்டினேன். கடைசிக் கட்டத்தில் ‘யார் சொன்னது, எப்போது’ என்று எழுதினேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆளின் பெயரை அடிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவேன். 2009-ல் ஓய்வு பெறும்போது அப்படி ஒன்பது நோட்டு இருந்தது. புதிரில் குறிப்பின் எண்ணை எழுதச் சொல்கிறேனே, அது இந்தக் கட்டத்திலிருந்து வந்தது.

முகவரியே ஒரு கழித்துக்கட்டும் புதிர்தான் என்பது பின்கோடைப் பார்த்தாலே தெரியும். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது அது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற மத்திய அரசு அதிகாரி உருவாக்கியது. நாடு முழுக்க ஒன்பது மண்டலம், அதில் ஒன்று ராணுவத்துக்கு. முதல் எண் 6 என்றால் மற்ற எட்டு மண்டலமும் ஒரே அடியில் போய்விடும். தமிழ்நாடு, கேரளப் பக்கம் மட்டும் மிஞ்சும். 638 என்றால் ஈரோட்டுப் பகுதி. கடைசி மூன்று எண் ஒரே ஓர் அஞ்சலகத்தில் கொண்டுவந்து நிறுத்தும். 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிரிந்து காங்கயம் அதில் சேர்ந்த பிறகும் எங்கள் பின்கோடு 638701 என்றே இருக்கிறது. மாவட்டத்தின் பெயரைப் பார்த்து 641 என்று எழுதிவிடாதீர்கள், கடிதம் கோயம்புத்தூர்ப் பக்கம் சுற்றிவிட்டு வரும்.

கேள்வி: சுடோகு ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததுதானே?
- வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: பெயர் மட்டும்தான் அவர்களுடையது. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கியது, 1979-ல் டெல் நிறுவனத்தின் புதிர்ப் பத்திரிகையில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரில் வந்தது. 1984-ல் ஜப்பானின் நிகோலி பதிப்பகம் எடுத்துப் போட்டது. 2004 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ வெளியிட்ட பிறகு உலகமெல்லாம் பரவியது. அதுவும் முழுக்க முழுக்கக் கழித்துக்கட்டும் வேலைதான். ஒரு கட்டத்தில் எது வரும் என்று யோசித்து முட்டிக்கொண்டால், எது வராது என்று எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் பழைய தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது. ஒன்பது வெல்ல அச்சில் ஒன்று மட்டும் எடை குறைவு, படிக்கல் இல்லாமல் இரண்டே நிறுவையில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பேரன் கேட்கிறான். நான் நாலும் நாலுமாக வைத்துப் பார்த்தேன், முடியவில்லை.
- வெல்ல வியாபாரி, ஈரோடு

பதில்: நாலும் நாலுமாக வைத்தால் ஒன்று மட்டும் வெளியே நிற்கும். தட்டு சாய்ந்துவிட்டால் சந்தேகம் நாலு அச்சின் மேல்; இன்னும் ஒரே நிறுவையில் நாலைப் பிரிக்க வழியில்லை. மும்மூன்றாக வையுங்கள். எந்தத் தட்டு மேலே போகிறதோ அந்த மூன்றில் இருக்கிறது. இரண்டும் சமமாக நின்றால் வெளியே இருக்கும் மூன்றில் இருக்கிறது. எப்படி ஆனாலும் ஆறு கழிந்துவிடும். அந்த மூன்றில் ஒன்றை ஒரு தட்டிலும் ஒன்றை மறு தட்டிலும் வைத்தால் முடிந்தது. தராசு இரண்டு பதில் சொல்லும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சாயாமல் நிற்பதும் ஒரு பதில்தான். ஒரு நிறுவைக்கு மூன்று பதில், இரண்டு நிறுவைக்கு ஒன்பது. உங்கள் பேரன் ஒன்பது அச்சு என்று கேட்டதன் கணக்கு அதுதான்.

பேரனிடம் பதிலுக்கு இதைக் கேளுங்கள். மற்ற வாசகர்களுக்கும் அடுத்த இதழுக்கான புதிர் இதுவே. வெல்ல அச்சு 12. பதினொன்று ஒரே எடை, ஒன்று மட்டும் வேறு. அது கூடுதலா குறைவா என்றுகூடத் தெரியாது. மூன்றே நிறுவையில் அது எது என்றும், கூடுதலா குறைவா என்றும் சொல்ல வேண்டும். சந்தேகம் மொத்தம் 24 வகை. மூன்று நிறுவை 27 பதில் சொல்லும். அதனால் இடம் இருக்கிறது, கொஞ்சம்தான் இருக்கிறது. விடையோடு, ஒவ்வொரு நிறுவையிலும் எதை எதனால் கழித்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். தபால் அட்டையில் அனுப்புகிறவர்கள் பின்கோடு மறக்க வேண்டாம்.